கோவிந்தனின் பல்தடம்

அன்பு மகனே,

உன் கடிதம் கைக்கு வந்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. பதில் போடாமல் இத்தனை நாள் நான் இருந்ததே இல்லை. உன் அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், "என்ன, புள்ளைக்கு இன்னும் எழுதலியா? மை தீந்துபோச்சா?" என்று. நீ கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிற, புகை பிடிக்கிற அந்த இத்தாலிப் பைப்பை எடுத்து, ஒரு பட்டுத்துணியில் சுற்றி வைக்கச் சொல்லியிருந்தாய். தாலி கட்டி முடிந்ததும் ருக்குமணியின் கையில் நீயே அதைக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். அவள் நடை பழகுவதற்கு முன்பே யுத்தத்துக்குப் போய்த் திரும்பாமல் போன அவளுடைய அப்பாவின் பல்தடம் அந்தக் குழலில் இருக்கிறது, அதை அவள் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் இப்படி யோசிக்கிற பிள்ளையைப் பெற்றோமே என்று பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தத் தடம் அவளுடைய அப்பாவுடையது இல்லை. இதை உனக்குச் சொல்லாமல் அந்தக் கல்யாணப் பந்தலில் நான் உட்கார முடியாது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ கேட்டு வளர்ந்த கதையில் ஓர் இடத்தை நான் மறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் பல் பிடுங்குகிறவன், பல் செட் கட்டுகிறவன். ஊர்தான் டாக்டர் என்கிறது. மத்திகிரிக் குதிரைப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் போன பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கியிருந்த ஒரு துரை ஒருநாள் செட் கட்டிக்கொள்ள வந்தார். பல்லுக்கு அளவு எடுத்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பைப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். வாயில் வைக்கிற குழல் முறிந்திருந்தது. "டாக்டர், உன் பல் செட்டும் என் பைப்பும் ஒரே ரப்பர். நீதான் இதற்கு வைத்தியன்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த நாளில் செட்டின் ஈறு பாகத்தை எந்தக் கெட்டி ரப்பரில் வார்த்தோமோ, அதே கெட்டி ரப்பரில்தான் பைப்புக் குழலும் செய்கிறார்கள். அரை நாளில் புதுக்குழல் கடைந்து மாட்டிவிட்டேன். கையோடு கையாக, புகையும் அழுக்கும் ஏறிக் கறுத்துப்போயிருந்த மரக்கிண்ணத்தையும் துடைத்தேன்.

துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து கோடுகள் எழும்பி வந்தன. அடியிலிருந்து விளிம்புவரை, ஒன்றோடொன்று முட்டாமல், அத்தனை நெருக்கமாக, அத்தனை நேராக. அடிப்பாகத்தில் பார்த்தால் கோடே இல்லை, சின்னச் சின்ன வட்டங்கள், நூற்றுக்கணக்கான கண்கள் விழித்துப் பார்ப்பது மாதிரி. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "மரந்தானே, இதுக்கா கூப்புட்ட?" என்று கேட்டபடி வந்தாள். பிறகு அவளும் நின்று பார்த்தாள். கையிலிருந்த மாவு காய்ந்து உதிரும்வரை பார்த்தாள். மனிதர் யாரும் செதுக்காத ஒன்று, மண்ணுக்குள் இருட்டில் தனக்குத்தானே இப்படி ஓர் ஒழுங்கோடு வளர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. துரையிடம் கேட்டேன். "இது மரம் இல்லை டாக்டர், வேர். பிரையர் என்று ஒரு புதர்ச்செடி. மத்தியதரைக் கடல் ஓரத்து மலைகளில் வளரும்" என்றார். ஊருக்குக் கப்பலேறும்போது அந்தப் பைப்பை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் முதல் பைப்பு.

அதன் பிறகு எனக்குப் பித்துப் பிடித்ததை நீ கண்ணால் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பஸ்ஸில் பெங்களூர் போய், கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் மண்டியிட்டுத் தேடுவேன். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன தொப்பி, பூட்ஸ், கரண்டி குவியலுக்கு அடியில் ஒன்றோ இரண்டோ கிடக்கும். கடைக்காரர், "ஏனு சாமி, சேதலு பீடி சாலதா?" என்று கன்னடத்தில் கிண்டல் பண்ணுவார், புகைக்கிறதற்குப் பீடி போதாதா என்று. திரும்பி வரும்போது எல்லையில் மதுவிலக்குச் சோதனை. ஒரு தடவை போலீஸ்காரர் என் பைக்குள் மூக்கை நுழைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, சாராயமும் இல்ல, சாமானும் இல்ல, செத்துப்போனவன் வாய் மாதிரி நாறுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் இருக்கிறது. ஒருவன் ஓயாமல் ஒரே இடத்தில் கடித்தால் கெட்டி ரப்பரில் பள்ளம் விழும். அதை வைத்து அவனுக்கு எந்தப் பல் இல்லை, எந்தப் பக்கம் கடிப்பான், அமைதியானவனா பல்லை நறநறக்கிறவனா என்று என்னால் சொல்லிவிட முடியும். முகம் தெரியாத நாற்பது பேர் என் அலமாரியில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நாற்பத்தொன்று சேர்ந்தும் ஒன்றையாவது நான் பற்றவைத்தது கிடையாது. "வாயில வெக்காத சாமானுக்கு இத்தினி சேவையா?" என்று உன் அம்மா கேட்பாள். மாப்பிள்ளை பார்க்க வந்த உறவினர்களிடம் நீதான், "எங்கப்பா சுருட்டுகூடப் புடிக்க மாட்டார்" என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தத் தப்பைச் செய்தேன். தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். என்னிடம் ஒரு குணம் உண்டு, நீயும் அதில் அடிபட்டவன். கோணலாக எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. நீ பத்தாவது படிக்கும்போது உன் முன்பல் ஒன்று கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கிற நாளுக்கு முன்பு உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, நீ வேண்டாம் வேண்டாம் என்னும்போதே அரத்தால் ராவி வரிசைக்குக் கொண்டுவந்தேன். நீ ஒரு வாரம் குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடியாமல் துடித்தாய். உன் அம்மா அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா பல்லு அது. எங்க வீட்டு ஜாடைன்னு இவன்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்" என்று அழுதாள். அன்றைக்கும் நான் அசட்டுச் சிரிப்புதான் சிரித்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ராயக்கோட்டை மாரப்பன் முதன்முதலில் என் கடைக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். ராணுவத்தில் பாலம் கட்டுகிற பிரிவில் இருந்து, யுத்தம் முடிந்து வந்து, தக்காளித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தவர். மேல்வரிசையில் பாதிப் பல் ஆடிக்கொண்டிருந்தது. ஆடினதை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறட்டும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அலமாரியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மறுநாளே பஸ் ஏறித் திரும்ப வந்தார், துண்டில் முடிந்து இந்தப் பைப்பைக் கொண்டுவந்தார். குழல் பச்சையும் பழுப்புமாகப் பூத்துப்போயிருந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் குழறிக் குழறிச் சொன்னார். "இத்தாலியில வாங்குனதுங்க. பச்ச படிஞ்சி போச்சி. கொஞ்சம் தொடச்சித் தாங்க. வேற ஒண்ணியும் செய்ய வேணாம்."

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னார். என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் பைப்பைப் பற்றி இந்த ராயக்கோட்டைக்காரருக்கு என்ன தெரியும், நான் செய்து காட்டினால் அசந்துபோவார் என்று நினைத்தேன். குழலின் நுனியில் மேலே ஆழமாக ஒரு குழி, கீழே இரண்டு சின்னக் குழிகள். கெட்டி ரப்பரில் ஓர் அதிசயம் உண்டு. சூடு காட்டினால், அமுங்கின இடம் தானாக மேலே எழும்பி, வார்த்த நாளில் இருந்த உருவத்துக்கே போய்விடும். விளக்குச் சூட்டில் குழலைக் காட்டினேன். குழிகள் மெல்ல மெல்ல எழுந்தன. எழாமல் மீந்ததை அரத்தால் ராவினேன். எண்ணெய் போட்டு மெருகேற்றினேன். முடித்துப் பார்த்தால் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது மாதிரி கறுகறுவென்று மின்னியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஈறு ஆறினதும் மாரப்பன் அளவு கொடுக்க வந்தார். பிளாஸ்டர் மாவை வாயில் வைத்தால் அது இறுகும்வரை பேச முடியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறுகினதும் எடுத்துக் காட்டினேன். வெள்ளை மாவில் தன் வாயையே பார்த்துச் சிரித்தார். "என் ஓட்ட வாய் அப்பிடியே இதுல இருக்குதுங்களே" என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க பிரிவுல கோவிந்தன்னு ஒருத்தன் இருந்தான் டாக்டர். நம்ம பாரூர்க்காரன், ஏரிக்கரையில பொறந்தவன். அந்தப் பைப்பு அவந்துதான். மலையூர் ஒண்ணுல பாலம் போட்டுக்கினு இருந்தோம். குண்டு போட்டு மலையே எரிஞ்சி கெடந்தது. ஒரு கெழவன் கரிக்கட்டைக்கு நடுவுல மண்ண நோண்டிக்கினு இருந்தான். என்னடான்னு பாத்தா, பூசணிக்காய் கணக்கா ஒரு வேரு. மேல செடி சுத்தமா எரிஞ்சி போச்சி, வேருக்கு ஒண்ணும் ஆவல. அதுலதான் பைப்பு செய்வேன்னு கையக் கையக் காட்டுனான். கோவிந்தன் தன் கம்பளிய அவனுக்குக் குடுத்துட்டு, அவன் செஞ்சி வெச்சிருந்த பைப்ப வாங்கிக்கினான். ரெண்டு கையும் வேலையில இருக்கும், பைப்பு பல்லுல இருக்கும். வருஷம் முழுக்கக் கடிச்சிக்கினே இருந்தான். அடுத்த பாலத்துல ஆளு போயிட்டான். நான் அதுல ஒரு இழுப்புகூட இழுத்ததில்ல. மாசத்துக்கு ஒருக்கா அந்தக் கடி மேல கட்டவெரல வெச்சிப் பாத்துக்குவன். பக்கத்துல குந்திக்கினு இருக்கிறாப்ல இருக்கும். ஊர்ல அவனுக்கு ஒரு பொட்டப் புள்ள. தாயும் போயிட்டதால என் ஊட்லதான் வளருது. அது கண்ணாலத்துக்கு அதும் கையில குடுக்கணும்." சொல்லி முடித்துவிட்டு, "ரெடி ஆயிட்டதுங்களா?" என்று கேட்டார்.

பைப்பு என் மேசை இழுப்பறையில், அவர் முழங்காலுக்கு ஒரு முழ தூரத்தில் மின்னிக்கொண்டு கிடந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். "இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவருக்கு வருத்தம் வரக்கூடாது என்று சொன்னதாக வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிற குரல் மாறிவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு வேளையில், கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். குழிகள் எங்கே இருந்தன, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்தது, தொழில் அப்படி. இடது பக்கத்துக் கோரைப்பல், அதற்குக் கீழே இரண்டு பல். செட்டுக்குச் செய்து வைத்திருந்த பற்களை வைத்து அழுத்திப் பார்த்தேன், வெறும் ஆணிக்குழி மாதிரி செத்துக் கிடந்தது. கடி என்றால் அதில் ஒரு தாடையின் பாரம் இருக்க வேண்டும். கடைசியில் குழலை விளக்கில் வாட்டி, இளகினதும், என் வாயிலேயே வைத்துக் கடித்தேன். கந்தகம் நாறியது. நாக்கு கசந்தது. தண்ணீரில் போட்டுக் குளிரவைத்து, விளக்குக் கரியைத் தடவி, புதுமெருகைக் கெடுத்துப் பழசாக்கினேன். நாற்பத்தொரு பைப்பில் நான் வாயில் வைத்தது இது ஒன்றைத்தான். அதை வைத்தது புகைக்க இல்லை.

அடுத்த வாரம் மாரப்பன் வந்தார். பைப்பை வாங்கினதும் மரத்தைப் பார்க்கவில்லை, மெருகைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைக் குழல் நுனிக்குக் கொண்டுபோய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "தோ, இருக்கான்" என்றார்.

மகனே, அந்த இரண்டு வார்த்தையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தன் வீட்டில் மறுபடி பூஞ்சை பிடிக்கும், உங்கள் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லி அவரே பைப்பை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சந்தைக்கு வருகிற போதெல்லாம், "கோவிந்தனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தன்" என்று வாசலில் நிற்பார். நீ ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாய். அவர் விரல் என் பல்தடத்தில் படும்போதெல்லாம் எனக்கு வாய்க்குள் கூசும். கூச்சம் கொஞ்ச நாளில் பழகிப்போனதுதான் கொடுமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கோவிந்தன் கதையை நானே சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. நீயும் என்னிடம் கேட்டுத்தான் நம்பினாய். போன வருஷம் நீ லீவில் வந்திருந்தபோது மாரப்பன் உன்னைப் பார்த்துவிட்டு, கோவிந்தன் மகள் ருக்குமணிக்கு உன்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண், நல்ல பெண் என்றதும் நமக்கெல்லாம் சந்தோஷம். அன்றைக்காவது என் வாய் திறந்திருக்க வேண்டும். உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண், பிறந்ததிலிருந்து பார்த்திராத தன் தகப்பனை முதன்முதலாகத் தொடப்போகிறாள், தொடப்போவது என்னை.

முதலில் உனக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதிக் கிழித்தேன். உனக்கு எழுதி, நீ அவளுக்குச் சொல்லி, என் தப்பை நீ சுமப்பது என்ன நியாயம்? போன வெள்ளிக்கிழமை காலையில், உத்தனப்பள்ளி வழியாகப் போகிற பஸ்ஸில், பைப்பை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நானே ராயக்கோட்டைக்குப் போனேன். அம்மாவிடம்கூடப் பல் செட் கொடுக்கப் போவதாகத்தான் சொன்னேன். திரும்பி வந்த பிறகு அவளிடமும் சொல்லியாயிற்று. அவள் என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது, உனக்குக் கடிதம் எழுதச் சொல்கிற நேரம் தவிர.

மாரப்பன் வாசலில் கூடையில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, சொல்லாம வந்துட்டீங்களே" என்று துண்டை உதறிப் போட்டார். ருக்குமணிக்குப் பள்ளிக்கூடம் லீவு, மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் மோரைத் தொடவில்லை. தொட்டால் சொல்ல வராது என்று தெரிந்தது. பைப்பை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, இப்போது உனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். அரத்தைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், கடித்ததையும் சொன்னேன்.

மாரப்பன் பைப்பை எடுத்தார். பழக்கத்தில் கட்டைவிரல் தானாகவே நுனிக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"அப்ப, இத்தினி வருஷமா நான் தொட்டுக்கினு இருந்தது உங்க பல்லா?"

"ஆமாங்க."

பைப்பைக் கீழே வைத்தார். கோபமாக வைக்கவில்லை, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். எழுந்து, என்னைப் பார்க்காமலே, தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். நான் பின்னால் போக எழுந்தேன். "வேணாங்க மாமா, உடுங்க. அவரு அப்பிடித்தான், தனியாத்தான் இருப்பாரு" என்றாள் ருக்குமணி. அவள் குரல் நடுங்கவில்லை. கண் மட்டும் பைப்பின்மேலேயே இருந்தது.

"எல்லாமே நீங்க செஞ்சதுதானா?" என்று கேட்டாள். "இந்தக் கிண்ணத்துக்குள்ள கரியா இருக்குதே, அதுவுமா?"

"இல்லம்மா. அது உங்கப்பா பொகச்சது. குழலை முடிச்சிட்டு மறுநாள் அதையும் சுரண்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க மாரப்பன் சித்தப்பா வந்து சொல்லிட்டாரு. நல்ல புத்தியால விட்டது இல்ல, நேரம் கிடைக்கல. அப்புறம் தொடப் பயமாயிடுச்சி."

"இது ரெண்டும் தனித்தனியாக் கழட்ட வருமா?"

"வரும். மெதுவாத் திருகணும்."

மெதுவாகத்தான் திருகினாள். குழல் ஒரு சின்னச் சத்தத்தோடு கழன்று வந்தது. மரக்கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்து, முகத்துக்குக் கொண்டுபோய், ஆழமாக மூச்சை இழுத்தாள். பதினைந்து வருஷம் ஆகியிருக்கும் அந்தப் புகையிலை எரிந்து. ஆனால் பிரையர் வேருக்கு அப்படி ஒரு குணம். நெருப்பைத் தன்மேல் ஏறவிடாது, வாசனையை விடவும் விடாது. நான் வாழ்க்கையில் எத்தனையோ வாய்களைப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ பைப்புகளை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்திருக்கிறேன். அந்தப் பெண் மூச்சை இழுத்ததைப் பார்த்தபோது என் வியப்பெல்லாம் வெறும் மெருகைப் பார்த்த வியப்பு என்று தோன்றியது. கும்பிட வேண்டும்போல இருந்தது, வெட்கத்தில் கை எழவில்லை.

"இப்பிடித்தான் இருந்திருப்பாரா எங்கப்பா, கிட்டப் போனா?" என்று கேட்டாள். என்னைக் கேட்டமாதிரி இல்லை. பிறகு தரையிலிருந்த குழலை எடுத்து, புடவைத் தலைப்பால் பிடித்து, என்னிடம் நீட்டினாள். "இது உங்களுது மாமா, எடுத்துக்கினு போங்க. இந்தக் கிண்ணம் எங்கப்பாது. எனக்கு இது போதும்."

வேறு புதுக்குழல் கடைந்து மாட்டித் தருகிறேனே அம்மா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பார், அந்தப் புத்தி அப்போதும் போகவில்லை. அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாசல்வரை வந்தாள். "அவருக்கு நீங்களே எழுதிடுங்க. கண்ணாலத்துக்கு முன்னாடி. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாடி என்று அவள் சொன்னதை நான் பஸ் முழுக்க மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். கல்யாணம் உண்டு என்றுதானே அதற்கு அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாரப்பன் இன்னும் பேசவில்லை. நேற்று சந்தை நாள், நம் தெருவழியாக அவர் வண்டி போனது, நிற்கவில்லை. அவர் நண்பனை நான் இரண்டாம் தடவை கொன்றுவிட்டேன் என்று அவர் நினைத்தால் எனக்கு மறுக்க வாய் இல்லை. பந்தலில் அவர் காலில் விழுவேன், வருகிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. வெறும் என் பல்லைத் தொட்டுக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை வருஷம் தன் சிநேகிதனைப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறாரே, அது எங்கிருந்து வந்தது? குழலில் கோவிந்தன் இல்லை. அப்படியானால் அவர் விரலில்தானே இருந்திருக்கிறான். நான் அதையும் சேர்த்து ராவிவிட்டேனா, அது இன்னும் இருக்கிறதா என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்கிற தகுதி எனக்கு வரும் நாளில் கேட்பேன்.

நீ என்மேல் கோபப்படலாம். நேரில் வந்து நாலு வார்த்தை நன்றாகக் கேள், நான் பதில் பேச மாட்டேன். ஆனால் கல்யாணத்தன்று நீ வெறுங்கையோடுதான் போக வேண்டும். நீ கொடுக்க நினைத்ததை அவளே எடுத்துக்கொண்டாள். அதைக் காட்டு என்று கேட்காதே. அவளாக ஒருநாள், வருஷங்கள் கழித்தாவது, அந்தக் கிண்ணத்தை உன் கையில் கொண்டுவந்து வைப்பாள். அதில் தூசி இருக்கும், கரி இருக்கும். நீ என் மகன், உன் விரல் உடனே வேட்டி நுனியைத் தேடும். துடைக்காதே. மோந்து பார்த்துவிட்டு, அப்படியே அவளிடம் திருப்பிக் கொடு.

உன் அப்பா